வெண்பிடரி மரங்கொத்தி: வளவில் கண்டதை எதில் பதிவது?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வீட்டு வளவுகளில் மரங்கொத்தி அரிய பறவையன்று. தென்னையிலும் வேம்பிலும் தொற்றி ஏறியபடி உரத்துக் கத்துகின்ற செம்முதுகு மரங்கொத்தி இலங்கைக்கே உரிய இனமாயினும், எங்களுக்கு அன்றாடம் பழகிய பறவை. அதே தென்னைக்கு எப்போதாவது ஒரு நாள், முதுகு சிவக்காத, பொன்மஞ்சள் நிறமான, பிடரியில் வெள்ளை இறங்கிய வேறொரு மரங்கொத்தி வந்தால் அதுதான் செய்தி. வெண்பிடரி மரங்கொத்தி இந்தியத் துணைக்கண்டத்திலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. இலங்கையில் அது உலர் வலயத் தாழ்நிலங்களில் ஆங்காங்கே, ஐதாகவே காணப்படுகின்றது. அது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையின் தென்னந்தோட்டங்களில் தங்கி வாழ்கின்றதா, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் பற்றைக் காடுகளிலிருந்து இடையிடையே வந்து போகின்றதா, அம்பாறையின் குளக்கரைகளில் குஞ்சு பொரிக்கின்றதா என்னும் கேள்விகளுக்கு ஒரு வீட்டாரின் நினைவு விடை தராது. பல வளவுகளின் குறிப்புகள் ஓரிடத்தில் சேர வேண்டும். அவற்றை எதில் சேர்ப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் முடிவு. வட்ஸ்அப் குழு, கொப்பி, கூகுள் படிவம், உயிரினப் படங்களை இட்டு அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளம், பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் செயலி ஆகிய ஐந்தும் இன்று எங்கள் கைக்கு எட்டக்கூடியவை. இவற்றுள் எதுவும் காசு கேட்பதில்லை. ஆகவே விலையைப் பற்றிய பேச்சுக்கு இங்கு இடமில்லை.

ஒப்பிடுவதற்கு முன் பறவையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் எந்த முறை பொருந்தும் என்பதை இந்தப் பறவையின் அடையாளச் சிக்கலே பெருமளவு தீர்மானிக்கின்றது. மஞ்சள் முதுகு என்ற ஒன்றை மட்டும் வைத்து வெண்பிடரி என்று முடிவு கட்ட முடியாது. யாழ்ப்பாணம், மன்னார் பக்கங்களில் வாழும் பொன்முதுகு மரங்கொத்திக்கும் முதுகு மஞ்சள்தான். அந்த வடபுலத்துப் பறவையும் எங்கள் செம்முதுகுப் பறவையும் சந்திக்கின்ற இடைப்பட்ட பிரதேசத்தில் இரண்டும் கலந்து, செம்மஞ்சள் முதுகுடைய பறவைகளும் உண்டு. ஆகவே பார்க்க வேண்டியது பிடரியை. வெண்பிடரி மரங்கொத்தியில் கழுத்தின் பின்புறத்திலிருந்து மேல்முதுகு வரை வெள்ளை இறங்கியிருக்கும். இரு தோள்களிலிருந்தும் வருகின்ற கறுப்பு அதன் இரு பக்கத்தையும் வரம்பிடுவதால் பின்னாலிருந்து பார்க்கையில் கூர்முனை கீழ் நோக்கிய ஒரு வெள்ளை முக்கோணம் தெரியும். பொன்முதுகில் பிடரி கறுப்பு. தொண்டையும் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தூவியது. வெண்பிடரியின் ஆணுக்குத் தலைக்கொண்டை சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள். தலை மஞ்சளாகவும் பிடரி வெள்ளையாகவும் இருந்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. அழைப்பொலியை மட்டும் வைத்து இதைப் பதியவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த மரங்கொத்திகளின் ஒலிகள் பழகாத காதுக்கு ஒன்றையொன்று ஒத்தவை.

எனவே நாம் தேர்வு செய்யும் முறை முதலில் சான்றைக் காக்க வேண்டும்: பிடரி தெரியும் படம், இல்லையேல் பிடரியைப் பற்றி அந்த இடத்திலேயே எழுதிய இரண்டு வரி. அடுத்தது பலர் நினைப்பதில்லை, ஆயினும் முதலாவதைவிடப் பெரியது: பறவை வராத நாளையும் அந்த முறை ஏற்றுக்கொள்ள வேண்டும். வந்த நாளை மட்டும் எழுதினால், தை மாதத்தில் பல குறிப்புகளும் ஆடியில் ஒன்றுமில்லாமலும் இருக்கும்போது, ஆடியில் பறவை வரவில்லையா, கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றின் வெக்கையில் யாரும் வெளியே நின்று பார்க்கவில்லையா என்று பிரித்தறிய வழியே இல்லை. அரிய பறவையைப் பொறுத்தவரை, பார்த்தும் காணாத பத்துக் காலைகள்தான் கண்ட ஒரு காலைக்கு மதிப்புக் கொடுக்கின்றன. மூன்றாவது, அந்த முறை எங்கள் மாரிகாலத்தைத் தாங்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை மழையும் மின்வெட்டும் சேர்ந்து வருகின்ற ஊரில், இணையம் இருந்தால்தான் எழுத முடியும் என்ற ஏற்பாடு அந்த மாதங்களில் உதவாது.

வட்ஸ்அப் குழுவை முதலில் எடுத்துக்கொள்கின்றேன். ஏனெனில் எல்லாரும் இயல்பாகத் தொடங்குவது அங்கேதான். அதன் வேகத்துக்கு வேறெதுவும் நிகரில்லை. காரைதீவில் ஒரு வளவில் காலையில் கண்ட பறவையைப் பத்து நிமிடத்தில் பக்கத்து வீதியில் உள்ளவர் வெளியே வந்து தேட முடியும். எழுதப் பழகாத மூத்தவர்கள் குரல் பதிவாகச் சொல்லலாம்; அவர்களுடைய அவதானிப்பு பெரும்பாலும் எங்களுடையதைவிடக் கூர்மையானது. ஆயினும் பதிவேடாக அது உதவாது. சாதாரணமாக அனுப்பும் படத்தை வட்ஸ்அப் சுருக்கிவிடுகின்றது. படத்துக்குள் கமரா எழுதிவைத்த நேரமும் இடமும் அத்தோடு நீங்கிவிடுகின்றன. தொலைவில் எடுத்த படத்தில் பிடரியின் வெள்ளைதான் முதலில் கரையும். கோப்பாக இணைத்து அனுப்பினால் இக்குறை இல்லை. ஆனால் அதை எல்லாரும் நினைவில் வைத்துச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்று முறை கைமாறிய படம் யாருடைய வளவில் எடுத்தது என்பது பிறகு எவருக்கும் தெரியாது. வாழ்த்துகளுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவே ஒரு பறவைக் குறிப்பை இரண்டு வருடம் கழித்துத் தேடியெடுப்பது நடக்கிற காரியமன்று. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இன்று வரவில்லை என்று குழுவில் யாரும் எழுதுவதில்லை என்பதே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கூடு இருக்கும் மரத்தைக் குழுவில் அறிவிக்கக் கூடாது. அறிவித்தால் கமராக்கள் கூடும். பதிவுசெய்த ஒலியை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே அழைப்பவர்களும் வருவார்கள். தாய்ப்பறவை பொந்தை விட்டு விலகி நிற்கும் நேரம் நீளும். மரங்கொத்திகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை. சட்டம் இல்லாவிட்டாலும் இது எங்கள் பொறுப்பு.

கொப்பிக்கு வருவோம். பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் தடித்த அட்டையுள்ள சீ.ஆர். கொப்பி ஒன்று, கிணற்றடி ஜன்னலின் மேல் ஒரு பேனாவோடு கிடந்தால், அது இந்த ஐந்திலும் நம்பகமான முதற்பதிவு. மின்சாரமும் இணையமும் கேட்காது. அம்மம்மா முதல் பேரப்பிள்ளை வரை அந்த வீட்டில் யார் கண்டாலும் எழுதலாம். ஒரு பக்கத்தை இப்படிக் கோடிட்டுக்கொள்வது போதும்: திகதி, பார்க்கத் தொடங்கிய நேரம், பார்த்த நிமிடங்கள், எந்த மரம், மரம் உயிருள்ளதா பட்டதா, முதுகு நிறம், பிடரி நிறம், தலை நிறம், ஒரே நேரத்தில் கண்ட எண்ணிக்கை. “காலை 6.40, 15 நிமிடம், வேலியோரப் பட்ட தென்னை, முதுகு மஞ்சள், பிடரி வெள்ளை, தலை மஞ்சள், ஒன்று” என்று எழுதிய வரி, பிடரி தெரியாத மங்கலான படத்தைவிட உறுதியான சான்று. அடுத்த நாள் பார்த்தும் வரவில்லையென்றால் திகதியும் நேரமும் எழுதி, எண்ணிக்கையில் சுழியம் போட வேண்டும். அந்தச் சுழியம் எழுதப்படுவதற்காகவே நான் கொப்பியை இவ்வளவு வலியுறுத்துகின்றேன்.

கொப்பியின் குறைகளும் வெளிப்படையானவை. அது ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. ஆரையம்பதிக் கொப்பியும் கொக்கட்டிச்சோலைக் கொப்பியும் தாமாகச் சந்திப்பதில்லை. வெள்ளம் புகுந்தால் அழியும். எங்கள் கரை 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட கரை. கடதாசியில் மட்டும் எதையும் வைத்திருப்பது இங்கு அறிவுடைமையன்று. மாதம் ஒருமுறை பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தால் பாதி அபாயம் நீங்கும்.

கூகுள் படிவத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கேள்விகளைத் தமிழிலேயே அமைக்கலாம், பிடரி நிறத்தைக் கட்டாயக் கேள்வியாக்கலாம், காணவில்லை என்பதையும் ஒரு தெரிவாக வைக்கலாம். வந்த விடைகள் தாமாகவே அட்டவணையாகச் சேரும். ஆனால் அந்த அட்டவணை ஒரே ஒருவரின் கணக்கில் இருக்கும். அவர் வெளிநாடு போனாலோ ஆர்வம் குன்றினாலோ எல்லாருடைய உழைப்பும் அவரோடு போய்விடும். ஒரு பாடசாலைச் சுற்றாடல் கழகமோ, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் விலங்கியல் மாணவர் குழுவோ பொறுப்பேற்று நடத்தினால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிபோர்னியாவில் மாணவர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி இன்று உலகெங்கும் பாவனையில் உள்ளது. படத்தையோ ஒலியையோ இட்டால், பார்ப்பவர்கள் இன்னதென்று அடையாளம் சொல்வார்கள். சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தில் உடன்பட்டால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். பறவையின் பெயர் தெரியாதவருக்கு இதைவிடச் சிறந்த வாசல் இல்லை. முதுகு செம்மஞ்சளாக, எந்தப் பக்கமும் சேராமல் தெரிகின்ற பறவையின் படத்தை இங்கே இடுவதே முறை. வடபுலத்துக் கலப்புப் பறவைகளைப் பார்த்துப் பழகியவர்களின் கண்ணில் அது படக்கூடும்.

ஆனால் எங்கள் கேள்விக்கு இதில் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, கண்டதை மட்டுமே அது ஏற்கும். சுழியத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது, இடத்தை மறைக்கும் வசதி. வீட்டு வளவின் இருப்பிடத்தை உலகத்துக்குக் காட்ட விரும்பாதவர்கள் ஆள்கூற்றை மறைக்கத் தெரிவு செய்வார்கள், அது நியாயமானதே. மறைத்தால் ஐநேச்சுரலிஸ்ட் அந்தப் புள்ளியை அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 0.2 பாகை கொண்ட கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் போடும். அது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் பக்கமுள்ள சதுரம். மட்டக்களப்பு வாவி அதிகம் அகலமற்றது; அப்படியொரு சதுரத்துக்குள் எழுவான்கரையும் வாவியும் படுவான்கரையும் ஒன்றாக அடங்கிவிடும். பறவை எந்தக் கரையில் வாழ்கின்றது என்பதே எங்கள் முதற் கேள்வியாக இருக்கும்போது, மறைத்த பதிவு அந்தக் கேள்விக்கு விடை சொல்லாது.

ஈபேர்டைக் கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்காவின் தேசிய ஓடுபோன் சங்கமும் 2002இல் தொடங்கின. இதன் அடிப்படை அலகு தனிப் பறவையன்று. ஒரு நேரத்தில் ஓரிடத்தில் பார்த்த எல்லாப் பறவைகளின் பட்டியல். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தோம், நின்ற இடத்திலேயே பார்த்தோமா நடந்தோமா என்பவற்றை அது கேட்கின்றது. 30 மீற்றர் ஆரைக்குள் நின்று பார்த்தால் நிலையான கணக்கெடுப்பு. எங்கள் வளவுகள் பெரும்பாலும் அதற்குள் அடங்குபவை. இறுதியில், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்கும். ஆம் என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால், அந்தப் பட்டியலில் வெண்பிடரி இல்லாததும் ஒரு தகவலாகின்றது. கொப்பியில் கையால் எழுதிய சுழியத்தை இங்கே முறைமையே எழுதிவிடுகின்றது. இதனாலேயே ஈபேர்ட் எங்கள் நோக்கத்துக்கு மிக நெருங்கி வருகின்றது.

சான்று விடயத்திலும் அது கண்டிப்பானது. ஒரு பிரதேசத்துக்கு வழக்கமற்ற பறவையை எழுதினால் செயலி அதை அடையாளமிட்டு விளக்கம் கேட்கும். அப்பிரதேசத்துப் பறவைகளை அறிந்த தொண்டர்கள் பின்னர் சரிபார்ப்பார்கள். அந்த விளக்கப் பெட்டியில் கொப்பியின் வரியை அப்படியே எழுதினால் போதும். செயலி இணையமின்றியும் இயங்கும். பிரதேசத்துக்குரிய பறவைப் பட்டியலை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு, மாரிகாலத்தில் எழுதிவைத்து, சமிக்ஞை கிடைக்கும்போது அனுப்பலாம். பறவையின் பெயரைச் செயலியில் தேடும்போது வைட்-நேப்ட் வுட்பெக்கர் என்ற ஆங்கிலப் பெயரில் கிடைக்கும்.

ஈபேர்டின் சுமை அதே பட்டியலில்தான் இருக்கின்றது. மரங்கொத்தியை மட்டும் அறிந்தவர் முழுப் பட்டியல் தர முடியாது. அவர் ஆம் என்று அழுத்தினால் பொய்யான சுழியங்கள் சேரும். இதைத் தடையாகப் பார்க்க நான் விரும்பவில்லை. காகம், மைனா, செம்போத்து, கிளி, புலுனி, தேன்சிட்டு, மீன்கொத்தி, குக்குறுவான் என்று ஒரு சாதாரண வளவின் பறவைகளைச் சில மாதத்தில் படித்துவிடலாம். குக்குறுவானைப் படித்தவர் அது குடைந்த சிறிய வட்டப் பொந்தை மரங்கொத்தியின் பொந்தென்று எழுதவும் மாட்டார். அதுவரை முழுமையற்ற பட்டியல் என்றே அனுப்ப வேண்டும். இடத்தைப் பற்றிய கவலைக்கும் வழியுண்டு: வீட்டின் மேல் குறி வைக்காமல், அதே கரையில் அதே ஊரில் உள்ள சந்தியிலோ கோயிலடியிலோ குறியை வைத்து ஊர்ப்பெயரை இடலாம். சில நூறு மீற்றர் விலகல் எங்கள் கேள்வியைக் கெடுக்காது.

எண்ணும் விதியொன்றை வட அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே குளிர்காலத்தில் கொழுப்புக் கட்டியும் விதைகளும் தொங்கவிட்டு வளவுக்கு மரங்கொத்திகளை வரவழைக்கின்றார்கள். 1987 முதல் நடந்துவரும் புரொஜெக்ட் பீடர்வொட்ச் என்ற கணக்கெடுப்பில் ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையையே எழுத வேண்டும். ஒரே சோடி காலை முழுவதும் பத்துமுறை வந்தாலும் அது இரண்டு பறவைகள்தான். கொப்பியிலும் ஈபேர்டிலும் இந்த விதியையே கைக்கொள்ளலாம். அவர்களுடைய உணவுத் தட்டை மட்டும் அப்படியே கொண்டுவர முடியாது. எங்கள் மரங்கொத்திகள் எறும்பையும் மரத்துள் இருக்கும் புழுவையும் தேடுபவை. அரிசியும் குரக்கனும் வைத்தால் புறாவும் அணிலும்தான் வரும். எங்கள் வளவில் அவற்றை இழுக்கும் உணவுத்தட்டு பட்டு நிற்கும் மரமே. அழுகிய தென்னங்குற்றியில் காண்டாமிருக வண்டு பெருகும் என்பதால் அதை அகற்றச் சொல்வது சரியானது. ஆனால் பட்ட வேம்பையோ முருங்கையையோ வீட்டுக்கும் பாதைக்கும் ஆபத்தில்லாத மூலையில் நிற்கவிட்டால் பறவைக்கும் நன்மை, பார்ப்பவருக்கும் நன்மை.

ஆகவே என் பரிந்துரை வீட்டைப் பொறுத்து மாறும். வளவுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை அறிந்த ஒருவராவது உள்ள வீடு, கொப்பியில் எழுதி வாரத்தில் இரண்டு நாளாவது 15 நிமிட நிலையான பட்டியலாக ஈபேர்டுக்கு அனுப்பட்டும். மரங்கொத்தியை மட்டும் அறிந்த வீடு கொப்பியைச் சுழியங்களோடு காத்து, மஞ்சள் முதுகு தெரிந்த நாளில் மட்டும் படத்தை ஐநேச்சுரலிஸ்டில் இடட்டும். வட்ஸ்அப், பறவை வந்திருக்கின்றது என்று அயலவருக்குச் சொல்ல மட்டும். ஒரு கிராமத்தில் ஐந்தாறு வீடுகள் கொப்பி எழுதினால், அவற்றுள் ஒருவர் மாதம்தோறும் பக்கங்களைப் பெற்று, பார்த்தவரின் கணக்கிலேயே ஈபேர்டில் ஏற்றலாம். தம் கணக்கில், தாம் பார்த்ததாக எழுதக் கூடாது.

வெல்லாவெளி, பட்டிப்பளை, லகுகல, இங்கினியாகல போன்ற உட்பகுதிகளிலிருந்து ஒரு பட்டியல் வந்தாலும் அது கரையோரத்துப் பல பட்டியல்களுக்கு நிகரான பயனுடையது. கரையோரத் தென்னைக்கும் உட்புறக் காட்டுக்கும் இடையே பறவை எவ்வாறு பரவியுள்ளது என்பதைக் காட்ட அந்தப் பக்கத்துத் தகவலே குறைவாகக் கிடைக்கக்கூடியது. அங்கே உறவினர் வீடு உள்ளவர்கள் போகும்போது கொப்பியையும் கொண்டுபோகலாம்.

பழைய குறிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈபேர்ட் கடந்த காலத் திகதிகளையும் ஏற்கின்றது. திகதியும் ஊரும் திட்டமாகத் தெரிந்து, பிடரி வெள்ளை என்று அன்றே எழுதியிருந்தால், நேரமும் கால அளவும் இல்லாவிட்டாலும் வரலாற்றுப் பதிவு என்ற வகையில் ஏற்றலாம். ஆண்டு மட்டும் நினைவிருக்கும் காட்சிகளைக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் தனியாக எழுதி, நினைவிலிருந்து எழுதியது என்று குறித்துவைக்க வேண்டும்.